பழைய பெயருக்குள் புதிய இனங்கள்

மீனின் உடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களில் புதிய இனமொன்று கண்டுபிடிக்கப்பட்டது என்று படிக்கும் வாசகர், இதுவரை எவரும் வலை வீசாத ஓர் ஆழ்கடலிலிருந்து, எவர் கண்ணிலும் படாத ஒரு ஜந்து முதன்முறையாக வெளிப்பட்டதாக எண்ணிக்கொள்வது இயல்பே. அப்படி நிகழ்வதும் உண்டு. ஆயினும் சென்ற ஐம்பது ஆண்டுகளின் சரித்திரத்தை ஊன்றி நோக்கினால், மீன்களில் வாழும் உருளைப் புழுக்களுள் மிக முக்கியமானவை என்று சொல்லத்தக்க புதிய இனங்கள் பல, எத்தனையோ முறை பார்க்கப்பட்டு, அளக்கப்பட்டு, பெயரிடப்பட்டு, பாடநூல்களிலும் ஏறிவிட்ட புழுக்களுக்குள்ளிருந்தே பிரித்தெடுக்கப்பட்டவை என்பது புலனாகும். புதிய இனத்தைக் காணும் காரியம், ஆகவே, பெரும்பாலும் ஒரு பழைய பெயரைச் சந்தேகிப்பதில் தொடங்குகிறது. சந்தேகிப்பது எளிது; அந்தச் சந்தேகத்தைப் பிறர் மறுக்க இயலாத பிரமாணமாக மாற்றுவதில்தான் இந்த சாஸ்திரத்தின் கஷ்டமும் பெருமையும் அடங்கியிருக்கின்றன.

கஷ்டத்திற்கு முதற்காரணம் புழுவின் உருவமே. பறவைக்கு இறகின் நிறமும் குரலும் உண்டு. வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் சித்திரம் உண்டு. உருளைப் புழுவுக்கோ இரு முனைகளிலும் ஒடுங்கிய, கண்டங்களற்ற, வெளிறிய ஓர் உருளை வடிவைத் தவிர வெளிப்பார்வைக்கு எந்த விசேஷமும் இல்லை. அதன் இன அடையாளங்கள் யாவும் உருப்பெருக்கிக்கு அடியிலேதான் தென்படும்: வாயைச் சூழ்ந்த உதடுகளின் அமைப்பு, உணவுக்குழலை அடுத்துள்ள சுரப்பி நிறைந்த சிறு இரைப்பையின் நீளம், ஆண் புழுவின் வாற்பகுதியில் வரிசையாக நிற்கும் நுண்புடைப்புகளின் எண்ணிக்கையும் இடமும், புணர்ச்சிக்குப் பயன்படும் இரு முட்களின் நீளமும் நுனியும். இவற்றுள் பெரும்பாலானவை முதிர்ந்த ஆண் புழுவில் மட்டுமே காணத்தக்கவை. ஆனால் கடல் மீனின் தசையிலும் குடலின் மேலும் நாம் காண்பது பெரும்பாலும் இளம்புழு. அதற்கு இன உறுப்புகள் இன்னும் தோன்றியிரா. பிரித்தறிவதற்கு எந்த லட்சணங்கள் வேண்டுமோ, அவையே அதனிடம் இல்லை.

இந்த நிலைக்குச் சிறந்த உதாரணம் அனிசாகிஸ் என்னும் பேரினம். ஒட்டுண்ணிப் புழுக்களின் சாஸ்திரத்திற்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவரான ருடால்பி 1809-இல் இவற்றுள் ஒன்றுக்கு சிம்ப்ளெக்ஸ் என்னும் இனப்பெயரை இட்டார். 1845-இல் பிரெஞ்சு அறிஞர் துழார்தேன் அனிசாகிஸ் என்ற பெயரை வகுத்தார். இதன் முதிர்ந்த பருவம் திமிங்கிலங்கள், ஓங்கில்கள் ஆகியவற்றின் இரைப்பையில் கழிகிறது. மலத்தோடு கடலில் விழும் முட்டைகளிலிருந்து வெளிவரும் நுண்ணிய புழுக்களைக் கூனிறால் போன்ற கிரில்கள் விழுங்குகின்றன; கிரில்லை மீனும் கணவாயும் உண்கின்றன; அம்மீனின் உடலில், கடிகாரத்தின் சுருள்வில்லைப் போல் தட்டையாகச் சுருண்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்புழுவாக, திமிங்கிலத்தின் வாய்க்காகக் காத்திருக்கிறது. இடையில் மனிதன் அந்த மீனைப் பச்சையாகவோ அரைகுறையாகப் பதப்படுத்தியோ உண்டுவிட்டால், புழு தன் வழியைத் தவறவிட்டு அவனுடைய இரைப்பைச் சுவரைத் துளைக்க முற்படுகிறது; சில மணி நேரத்திற்குள் தாங்கொணாத வயிற்று வலி உண்டாகிறது. 1960-இல் நெதர்லாந்தில் வான் தீல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், இலேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனை உண்டவர்களின் நோய்க்கு இந்தப் புழுவே காரணம் என்று நிறுவினார்கள். 1968 முதல் அந்நாட்டுச் சட்டம், அவ்வகை மீனைப் பூஜ்யத்திற்குக் கீழ் 20 பாகை செல்சியஸ் குளிரில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைக்க வேண்டுமென்று விதித்தது. நன்றாகக் கொதித்த குழம்பில் இந்தப் புழு உயிர் பிழைக்காது. நம் சமையலறைகள் இந்நோயை அதிகம் அறியாமலிருப்பதற்கு அது ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

நோய் வெளிப்பட்டபின், இந்தப் புழுக்களுக்கு ஒன்றரை நூற்றாண்டாகச் சூட்டப்பட்டு வந்த பெயர்களின் குழப்பம் பொறுக்க முடியாததாயிற்று. ஒவ்வொரு திமிங்கில வகையிலும் கண்ட புழுவுக்கு ஒவ்வோர் அறிஞர் ஒவ்வொரு பெயர் இட்டிருந்தனர். 1971-இல் டேவி என்பவர் அருங்காட்சியகங்களிலிருந்த மாதிரிகளையெல்லாம் ஒப்பிட்டு, பெயர்களின் காட்டை வெட்டிச் சீர்செய்து, ஐயத்திற்கிடமின்றி ஏற்கத்தக்க இனங்கள் மூன்றே என்று முடிவு கூறினார்: சிம்ப்ளெக்ஸ், டிபிகா, பைசெடெரிஸ். அவர் செய்தது மிகச் சிறந்த பணி. உருவத்தை மட்டுமே சாட்சியாகக் கொண்டு எவ்வளவு தூரம் நேர்மையாகச் செல்லலாமோ அவ்வளவு தூரம் சென்றார். பிற்காலத்தார் அவருடைய முடிவைத் திருத்தினார்கள் என்பதற்காக அவரைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. பெயர்கள் முதலில் ஒழுங்காகக் குறைக்கப்பட்டிராவிட்டால், பின்னர் அவற்றைப் பிரித்தவர்களுக்கு எதைப் பிரிக்கிறோம் என்பதே தெரிந்திராது.

அம்மூன்றுள் சிம்ப்ளெக்ஸ் என்ற ஒரே பெயர் வட அட்லாண்டிக் முதல் பசிபிக் வரை, மத்தியதரைக் கடல் முதல் தென்கடல்கள் வரை, எண்ணற்ற மீன்களில் கண்ட புழுக்களையெல்லாம் அடக்கி நின்றது. இவ்வளவு பரந்த கடல்களில், இவ்வளவு வேறுபட்ட பிராணிகளில் ஒரே இனம் வாழ்கிறது என்பதே சந்தேகத்திற்கு இடங்கொடுக்க வேண்டிய செய்தி. ரோம் நகரத்து அறிஞர்களான நாசெட்டி, லியா பாக்கி, மத்தியூச்சி, புல்லினி முதலியோர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் வேறொரு சாட்சியை அழைத்தார்கள். அந்தச் சாட்சி புழுவின் உருவத்தைச் சாராதது. அதன் நொதிகளைச் சார்ந்தது. புழுவை நசுக்கிப் பெற்ற சாற்றை மாவுப்பொருளாலான கூழ்மத்தில் வைத்து மின்சாரத்தைச் செலுத்தினால், ஒவ்வொரு நொதியும் தன் மின்னேற்றத்திற்கு ஏற்ற தூரம் நகர்ந்து நிற்கும். உரிய சாயத்தை ஊற்றினால் அது நின்ற இடம் பட்டையாகத் தெரியும். நொதியை உண்டாக்கும் மரபணு வேறுபட்டால் பட்டை நிற்கும் இடமும் வேறுபடும்.

இந்த முறையின் சூட்சுமத்தைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம்; ஏனெனில் இந்த ஆய்வின் உயிர்நாடி அதிலேதான் இருக்கிறது. தாய்வழியாக ஒன்றும் தந்தைவழியாக ஒன்றுமாக ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒரே கடலில், ஒரே திமிங்கிலத்தின் வயிற்றில் சேர்ந்து வாழும் புழுக்களில் சிலவற்றில் ஒரு நொதியின் முதல் வடிவம் மட்டுமே இருக்கிறது, மற்றவற்றில் இரண்டாம் வடிவம் மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவை தம்முள் தாராளமாகக் கலந்து இனம் பெருக்குபவையாயின், இரு வடிவங்களையும் ஒருங்கே பெற்ற சந்ததிகள் பெருமளவில் காணப்பட்டாக வேண்டும். அப்படிப்பட்டவை தென்படவேயில்லை என்றால், ஒரே வயிற்றில் அருகருகே இருந்தும் அவை ஒன்றையொன்று துணையாகக் கொள்வதில்லை என்றுதான் பொருள். பல நொதிகளில் இதே சாட்சி திரும்பத் திரும்பக் கிடைக்குமானால், அவை இரு வேறு இனங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. மத்தியதரைக் கடலிலும் வடகிழக்கு அட்லாண்டிக்கிலும் எடுத்த புழுக்களில் ரோம் அறிஞர்கள் கண்டது இதுவே. இனப்பெருக்கத்தால் பிரிந்து நிற்பதே இனத்தின் லட்சணம் என்னும் கொள்கையை நூல்களில் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பிரிவை நேரடியாகச் சோதித்துக் காட்டுவது மிக அபூர்வம்.

அவர்கள் முதலில் இவற்றுக்குப் பெயரிடாமல், சிம்ப்ளெக்ஸ் ஏ, சிம்ப்ளெக்ஸ் பி என்று எழுத்துகளால் மட்டும் குறித்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். புதிதாகக் கண்டதற்கு உடனே தம் விருப்பப்படி ஒரு பெயரைச் சூட்டிவிடும் ஆசையை அடக்கி, அந்தப் புழுவுக்கு ஏற்கெனவே எவரேனும் பெயரிட்டிருக்கிறாரா என்று பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். 1955-இல் கம்பானா-ரூஜேயும் பியோக்காவும் மத்தியதரைக் கடலின் ஒரு சீல் விலங்கிலிருந்து பெக்ரெஃபீ என்ற இனத்தை விவரித்திருந்தனர். டேவி ஏற்ற மூன்றில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஏ எனக் குறித்த புழுவுக்கு அந்தப் பழைய பெயரே உரியது என்று தெளிவாயிற்று. பி எனக் குறித்தது ருடால்பியின் பெயரைத் தன் குறுகிய பொருளில் தக்கவைத்துக்கொண்டது. பின்னர் பசிபிக்கிலும் தென்கடல்களிலும் மூன்றாவதொன்று சிம்ப்ளெக்ஸ் சி என்ற குறியோடு வெளிப்பட்டது. அது 2014-இல்தான், நார்வே நாட்டு அறிஞர் பெர்லாண்டின் நினைவைத் தாங்கி, பெர்லாண்டீ என முறைப்படி பெயர் பெற்றது. குள்ள விந்துத் திமிங்கிலங்களில் வாழும் இனமொன்று 2005-இல் லியா பாக்கியின் பெயராலும், அலகுத் திமிங்கிலங்களில் வாழும் இனமொன்று 2009-இல் நாசெட்டியின் பெயராலும் வழங்கலாயின.

அடுத்து வந்த தலைமுறை நொதிகளை விட்டு டி.என்.ஏ.வையே வாசிக்கத் தொடங்கியது. பாலிமரேஸ் தொடர்வினையால் ஒரு குறிப்பிட்ட மரபுப் பகுதியைப் பெருக்கி, அதனை நியமமான இடங்களில் வெட்டும் நொதிகளால் துண்டாடி, துண்டுகளின் நீளத்தைக் கொண்டு இனத்தை அறியும் முறை வந்தபின், இளம்புழுவின் ஊமை நிலை நீங்கிற்று. மீன் சந்தையில் எடுத்த ஒரு சிறு புழுவின் இனத்தைக்கூட விரைவிலேயே சொல்லக்கூடிய காலம் வந்தது. ஆனால் எளிதான சாதனம் கைக்கு வந்தவுடன், அது சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்கும் ஆபத்தும் கூடவே வந்தது. ஐபீரியத் தீபகற்பத்தின் கடல்களைப் போல் சிம்ப்ளெக்ஸும் பெக்ரெஃபீயும் கலந்து வாழும் இடங்களில், இரண்டின் அடையாளத்தையும் ஒருங்கே காட்டும் புழுக்கள் தென்பட்டன. அவை கலப்பினங்கள் என்று அறிக்கைகள் வெளிவந்தன. கலப்பு தாராளமாக நிகழ்கிறதென்றால் 1986-இன் முடிவே ஆட்டங்கண்டுவிடும் அல்லவா? இந்தக் கேள்விக்கு மத்தியூச்சியும் கூட்டாளிகளும் 2016-இல் அளித்த விடை பொறுமையானது. ஒரே ஒரு மரபுப் பகுதியை மட்டும் பார்த்துக் கலப்பினம் என்று தீர்ப்பளிக்கலாகாது. இரண்டு இனங்களும் தம் பொது மூதாதையிடமிருந்து பெற்று இன்னும் இழக்காதிருக்கும் பழைய வடிவமும் கலப்பைப் போலவே தோற்றமளிக்கும். பல பகுதிகளை ஒருசேரச் சோதித்தால்தான் இரண்டையும் வேறுபடுத்த முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். ஒற்றைச் சாட்சியை நம்பி இனங்களை ஒன்றாக்குவதும் ஒற்றைச் சாட்சியை நம்பி இனங்களைப் பிரிப்பதும் ஒரே வகைத் தவறு.

இவ்வாறு பிரிக்கப்பட்ட இனங்கள் ஏட்டளவில் மட்டும் பிரிந்து நின்றவை அல்ல. ஜப்பானில், நம் கானாங்கெளுத்திக்கு உறவான சபா மீனைப் பற்றி சுசுகி முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, பசிபிக் பக்கத்து மீன்களில் சிம்ப்ளெக்ஸும், ஜப்பான் கடல் பக்கத்து மீன்களில் பெக்ரெஃபீயும் மிகுந்திருப்பதைக் காட்டிற்று. அதைவிட முக்கியமாக, மீனின் வயிற்றறையிலிருந்து தசைக்குள் துளைத்துச் செல்லும் வீதம் சிம்ப்ளெக்ஸில் நூறு மடங்குக்கும் மேல் அதிகமென்று கண்டது. உண்பவன் வயிற்றைச் சேர்வது தசையே ஆதலால், ஒரே பெயரால் அழைக்கப்பட்டு வந்த இரு புழுக்களில் ஒன்று மற்றதைவிட மனிதனுக்கு மிகுந்த அபாயம் விளைக்கவல்லது என்றாகிறது. பழைய ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டிருந்தால் இந்த உண்மை எந்தக் காலத்திலும் வெளிப்பட்டிராது.

இங்கே உருவத்தை ஆராய்பவர்களின் பக்கத்தையும் கூறவேண்டும். மூலக்கூறுகள் பேசத் தொடங்கியபின் உருவ ஆராய்ச்சி காலாவதியாகிவிட்டது என்னும் அபிப்பிராயம் இளம் ஆராய்ச்சியாளரிடையே பரவியிருக்கிறது, அது சரியன்று. கியாசான், யோஷினாகா, ஒகாவா முதலியோர் சிம்ப்ளெக்ஸ், பெக்ரெஃபீ இரண்டின் இளம்புழுக்களையும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து முதிரச் செய்து, 2008-இல் அவற்றை ஒப்பிட்டபோது, சிறு இரைப்பையின் நீளம் முதலிய அளவுகளில் இரண்டும் வேறுபடுவதைக் கண்டார்கள். அந்த வேறுபாடு எக்காலத்தும் அங்கேயே இருந்தது. எந்தப் புழுவை எந்தப் புழுவோடு ஒப்பிடுவது என்று தெரியாத வரையில், இரண்டு இனங்களின் அளவுகளும் ஒரே கூட்டத்தின் ஏற்றத்தாழ்வுகளாகவே கண்ணுக்குத் தோன்றின; மரபணு அவற்றைப் பிரித்து வைத்தபின் கண் தன் வேலையைச் செய்தது.

மூலக்கூறின் துணை பெரிதாக வேண்டாமலே, சரியான புழுவைத் தேடிக் கண்டதனால் மட்டும் ஒரு பெயர் உடைந்த கதையும் உண்டு. கலவா, கத்தாழை, சங்கரா போன்ற மீன்களின் சினைப்பையைப் பிளக்கும்போது சிற்சில வேளை சிவந்த நூல்களாகச் சுற்றிக் கிடக்கும் புழுக்கள் பிலோமெட்ரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. நம் கிராமத்துக் குளங்களின் நீரைக் குடித்தவர்களை முன்னாளில் வாட்டிய, 2000-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து அறவே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த நரம்புச் சிலந்திக்கு இவை நெருங்கிய உறவு. அதைப் போலவே இவற்றின் குட்டிகளும் துடுப்புக்காலிகள் எனப்படும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் வயிற்றில் வளர்கின்றன. கருவுற்ற பெண் புழுவின் உடல் முழுவதும் குட்டிகளால் நிறைந்து, உள்ளுறுப்புகளெல்லாம் ஒடுங்கி, குட்டிகள் வெளிவரும் துவாரமுங்கூட மறைந்துபோகிறது. நீரை எட்டியதும் அவளுடைய உடல் வெடிக்க, குட்டிகள் சிதறுகின்றன. இப்படி ஒரு பையாக மாறிவிட்ட பெண்ணிடம் இன அடையாளம் எதைத் தேடுவது? ஆண் புழுவோ சில மில்லிமீட்டர் நீளமே உள்ளது. சினைப்பையின் மடிப்புகளுக்கிடையில் அதைத் தேடிப் பிடிப்பது அசாதாரணமான பொறுமையை வேண்டும் வேலை.

1935-இல் ஜப்பானிய அறிஞர் யமகுட்டி, அந்நாட்டுக் கடற்கரையின் லாடியோலாப்ராக்ஸ் என்னும் மீனிலிருந்து லாடியோலாப்ராசிஸ் என்ற இனத்தை விவரித்தார். அதன்பின் அட்லாண்டிக், பசிபிக், இந்துமாக்கடல் என்று எங்கெங்கோ, எந்தெந்த மீனின் சினைப்பையிலோ சிவந்த பெண் புழு தென்பட்டபோதெல்லாம், ஆண் கிடைக்காத நிலையில், பலர் அதே பெயரை எழுதி வைத்தனர். ஒரு பெயர் இப்படி உலகெங்கும் பரவியதற்குப் புழுவின் பரவலைவிட ஆண் புழுவின் பற்றாக்குறையே பெருங்காரணம் என்பது என் எண்ணம். 2008-இல் முன்னர் குறித்த கியாசான் குழுவினரே, யமகுட்டியின் மீனிலிருந்தும் வேறு ஜப்பானிய மீன்களிலிருந்தும் ஆண், பெண் இரண்டையும் திரட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆணின் புணர்முட்களையும், அவற்றுக்கு வழிகாட்டும் சிறு தகட்டின் நுனியமைப்பையும் ஒப்பிட்டு, மடாய், இசாகி என்னும் இரு மீன்களில் வாழ்பவை தனித்தனிப் புதிய இனங்கள் என்று நிறுவினார்கள். செக் நாட்டு அறிஞர் மொராவெக் உலகின் பல கடல்களிலும் இதே வழியைத் தம் வாழ்நாட் பணியாகப் பின்பற்றியவர்; அவரும் மனோகரனும் 2013-இல் இந்தியாவின் கிழக்குக் கடற்கரை மீன்களின் இனவுறுப்புகளிலிருந்து இப்பேரினத்தின் நான்கு புதிய இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். நாள்தோறும் நம் படகுகள் கரை சேர்க்கும் மீன்களில், ஒரே ஆய்வில் நான்கு இனங்கள் பெயரற்றுக் கிடந்தன என்பதை நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டும். பேலிஸ் 1936-லும் 1939-லும் பிரிட்டிஷ் இந்தியாவின் உருளைப் புழுக்களைப் பற்றி எழுதிய இரு தொகுதிகள் இன்றும் பயன்படும் சிறந்த அடித்தளம். அந்த அடித்தளத்தின் மேல் எழுந்திருக்க வேண்டிய கட்டடம் வங்காள விரிகுடாவைப் பொறுத்தமட்டில் இன்னும் பாதிகூட எழவில்லை என்பதே என் மதிப்பீடு.

அதை எழுப்ப விரும்பும் மாணவர் தம் வேலையை மீன் செத்து வெகுநேரம் ஆகுமுன்னே தொடங்கியாக வேண்டும். மீன் ஆற ஆற உள்ளிருக்கும் புழுவும் சிதையத் தொடங்கும், இளம்புழுக்கள் குடலைவிட்டுத் தசைக்குள் இடம்பெயர்ந்துவிடவும் கூடும், அப்போது அவை உண்மையில் எந்த உறுப்பில் வாழ்ந்தன என்ற செய்தி அழிந்துவிடும். உயிருள்ள புழுவைச் சூடான உப்புநீரிலோ சாராயத்திலோ இட்டால் அது நீண்டு விறைக்கும். குளிர்ந்த திரவத்தில் இட்டால் முறுக்கிக்கொள்ளும், அதன்பின் எந்த அளவும் சரியாக வராது. கிளிசரினில் ஊறவைத்து உடலைத் தெளியச் செய்து, உருப்பெருக்கியோடு பொருத்திய வரைகருவியின் துணையால் ஒவ்வோர் உறுப்பையும் கையால் வரைய வேண்டும். இந்த வரைதலை வெறும் சடங்கென்று நினைப்பவர், புகைப்படத்தில் ஒரே தளத்தில் விழும் உறுப்புகளைக் கண் பல தளங்களிலும் தொடர்ந்து சென்று இணைத்துப் பார்க்கிறது என்பதை அறியாதவர்.

இவையெல்லாவற்றினும் முக்கியமானது, மாதிரியை எந்தத் திரவத்தில் காப்பது என்னும் சிறிய கேள்வி. சென்ற நூற்றாண்டின் அருங்காட்சியகச் சீசாக்களில் கிடக்கும் புழுக்களுள் பெரும்பாலானவை ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டவை. உருவத்தை அது கெடாமல் காத்தது, ஆனால் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிட்டது. ஆகையால் ஒரு பழைய பெயரின் மூலமாதிரியிடமே சென்று, உன் மரபணு யாது என்று கேட்க வழியில்லாமற்போகிறது. அந்த இனம் முதலில் விவரிக்கப்பட்ட அதே கடலுக்கு, அதே மீனுக்கு மீண்டும் சென்று, புதிய புழுவை எடுத்து, பழைய விவரணையோடு பொருத்திப் பார்த்த பின்பே பெயரைப் பற்றிப் பேச முடிகிறது. இப்போது கவனமுள்ளவர்கள் ஒரே புழுவின் நடுவுடலிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சாராயத்தில் இட்டு மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, அடையாளங்கள் நிறைந்த தலையையும் வாலையும் உருவ ஆராய்ச்சிக்காகத் தனியே காக்கிறார்கள். அந்த இரு முனைகளையும் ஒரே பதிவெண்ணில் ஓர் அருங்காட்சியகத்தில் சேர்த்து, நடுத்துண்டிலிருந்து வாசித்த மரபணு வரிசையைப் பொதுக் களஞ்சியத்தில் அதே எண்ணோடு பதிந்துவிட்டால், பிற்காலத்தில் அந்தப் பெயரைச் சந்தேகிக்க வருபவருக்கு உருவமும் மரபணுவும் ஒரே புழுவிலிருந்தே கிடைக்கும்.